கசினோ வந்தால் நிலாவெளி விடுதிகள் நிரம்புமா?

கடிதம்

வணக்கம் ஐயா,

திருகோணமலைக்குப் பக்கத்தில், நிலாவெளிக் கடற்கரையில் ஆறு அறைகள் உள்ள விடுதி ஒன்றை நடத்துகிறேன். மே முதல் செப்டெம்பர் வரை ஓரளவு ஓடும். மழை தொடங்கிக் கடல் குழம்பினால் தை மாதம் வரை அறைகள் பூட்டியே கிடக்கும், வங்கித் தவணை மட்டும் மாதம் தவறாமல் வரும். கொழும்பில் 2025 ஓகஸ்டில் பெரிய கசினோ ஒன்று திறந்தார்கள். அதுபோல ஒன்று எங்கள் கரையில் வந்தால் வருடம் முழுக்க ஆட்கள் வருவார்கள். அங்கே இடம் போதாதவர்கள் எங்களிடம் தங்குவார்கள், பிள்ளைகளுக்கும் வேலை கிடைக்கும். ஊர்ப் பெரியவர்களோ கோணேசர் இருக்கிற மண்ணில் சூதாட்டமா என்று பேச்சையே எடுக்க விடுகிறார்கள் இல்லை. நீங்கள் தொழில் கணக்காகச் சொல்லுங்கள், அனுமதிக்கலாமா?

— ஒரு வாசகர், நிலாவெளி

பதில்

அன்பின் நண்பருக்கு,

பெரியவர்களின் மறுப்பை நான் மதிக்கிறேன். ஆனாலும் நீங்கள் கேட்டபடி கணக்கை மட்டும் பார்ப்போம். கணக்குப்படியும் என் பதில் இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான்.

உங்கள் நம்பிக்கை முழுவதும் 'அங்கே இடம் போதாதவர்கள் இங்கே வருவார்கள்' என்பதில் நிற்கிறது. கசினோ ஹோட்டல் அறையை விற்றுப் பிழைப்பதில்லை. மேசையில் ஆட்டக்காரரைப் பிடித்து வைத்திருக்கத்தான் அங்கே அறை. ஒவ்வொரு ஆட்டக்காரர் மீதும் ஒரு கணக்கு ஓடும்: சராசரிப் பந்தயம், மணிக்கு எத்தனை ஆட்டம், எத்தனை மணி நேரம், அந்த ஆட்டத்தில் கசினோவின் பங்கு எத்தனை சதவீதம். பக்கரா என்ற சீட்டாட்டத்தில் அந்தப் பங்கு ஏறத்தாழ 1.2 சதவீதம். ஆட்டத்துக்கு 10,000 ரூபா வைத்து, மணிக்கு 70 ஆட்டம் வீதம் நான்கு மணி நேரம் ஆடுபவர் 28 இலட்சம் ரூபாவைப் பந்தயமாக வைக்கிறார். அவரிடமிருந்து கசினோ எதிர்பார்க்கும் வரவு 33,600 ரூபா. அதில் மூன்றில் ஒரு பங்கை இலவச அறையாகவும் சாப்பாடாகவும் திருப்பிக் கொடுப்பதாக வைத்தால் 11,000 ரூபாவுக்கு மேல் வரும். உங்கள் அறை வாடகை அந்த அளவில் இருந்தால், நீங்கள் விற்கும் பொருளை அவர்கள் இலவசமாகக் கொடுக்கிறார்கள். விலையை எவ்வளவு குறைத்தாலும் இலவசத்தோடு போட்டி போட முடியாது. கரையில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவருக்கும் இதே கதிதான்.

அடுத்தது, யார் வருவார்கள், எப்படி வருவார்கள் என்பது. பெரிய தொகைக்கு ஆடுபவர் இரண்டு மூன்று இரவுக்குத்தான் வருவார். விமானத்தை விட்டு இறங்கிய ஒரு மணி நேரத்தில் மேசையில் உட்கார விரும்புவார். கட்டுநாயக்காவில் இறங்குபவருக்குக் கொழும்புக் கசினோ பக்கத்திலேயே இருக்கிறது. திருகோணமலைக்கு வர அவர் இன்னும் ஐந்தாறு மணி நேரம் வாகனத்தில் இருக்க வேண்டும். திருகோணமலையில் உள்ள சீனக்குடா ஓடுபாதையோ விமானப்படைத் தளத்துக்குள் இருக்கிறது. மும்பையிலிருந்து வருபவருக்குக் கடலும் கசினோவும் சேர்ந்து வேண்டுமென்றால் கடவுச்சீட்டே தேவைப்படாத கோவா இருக்கிறது. அதுவும் நீங்கள் ஆள் தேடுவது மார்கழி மழைக்கு. கடலில் இறங்க முடியாத மாதத்தில், அத்தனை தூரம் தாண்டி வர ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரருக்கு என்ன காரணம் இருக்கிறது?

அவர் வராவிட்டால் மேசை சும்மா இருக்காது. 24 மணி நேரமும் சம்பளமும் மின்கட்டணமும் ஓடுகிற இடத்தை உள்ளூர்க் காசால்தான் நிரப்பப் பார்ப்பார்கள். எனக்கு உண்மையான பயம் இங்கேதான். கரைவலை இழுப்பவர் உள்ளே போகமாட்டார், வாசலே அவரைத் தடுக்கும். இலங்கையர் ஒருவர் கசினோவுக்குள் நுழைவதற்கான வரியை 50 டொலரிலிருந்து 100 டொலராக்கும் திருத்தம் 2025இல் கொண்டுவரப்பட்டது. ஏறத்தாழ 30,000 ரூபா. போகக்கூடியவர் யார்? ஒப்பந்தகாரர், படகு முதலாளி, மொத்த வியாபாரி, வெளிநாட்டிலிருந்து காசு வருகிற வீட்டுப் பிள்ளை, ஊர்ச் சங்கக் காசு கையில் இருக்கிற பொருளாளர். நுழைவு வரி இவர்களில் பாதிப் பேரைத் தடுக்கும். மற்றப் பாதிக்கு அது முதல் நட்டம், அதை மீட்டுவிட்டுத்தான் எழும்புவேன் என்று உட்காருவார்கள். ஒரு படகு முதலாளி விழுந்தால் அந்தப் படகில் போகிற ஐந்தாறு குடும்பமும் சேர்ந்துதான் விழும். நகை அடகுக் கடைக்கும் மீற்றர் வட்டிக்காரருக்கும் ஆள் தேடிப் போக வேண்டிய வேலை இருக்காது.

சிங்கப்பூரைச் சொல்வார்கள். சிங்கப்பூர் 2010இல் இரண்டு கசினோக்களைத் திறந்தபோது நாள் நுழைவு வரி 100 சிங்கப்பூர் டொலர். 2019இல் 150 ஆக்கினார்கள். ஆனால் அங்கே வரி மட்டும் காவல் இல்லை. மனைவியோ பெற்றோரோ பிள்ளையோ விண்ணப்பித்து, குடும்பத்தைக் கெடுக்கிற ஆட்டக்காரரை உள்ளே விடாதபடி தடை வாங்கலாம். கசினோவுக்குள் பணம் எடுக்கும் இயந்திரம் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாசலில் சாங்கி விமான நிலையம் இருக்கிறது.

கடற்கரை நகரத்துக்குப் பொருத்தமான பாடம் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி. தேய்ந்துபோன உல்லாச நகரைத் தூக்கி நிறுத்துவோம் என்று 1976இல் மக்கள் வாக்களித்தார்கள், 1978இல் முதல் கசினோ திறந்தது. கட்டடங்கள் எழும்பின, வேலையும் வந்தது. ஆனால் உணவு, படுக்கை, கச்சேரி எல்லாம் ஒரே கூரைக்குள் கிடைத்ததால் வெளியே இருந்த சிறு உணவகங்கள் ஒவ்வொன்றாக மூடின. பிறகு பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவிலும் கசினோக்கள் வந்தன. 2006க்குப் பிறகு பத்தாண்டுக்குள் அட்லாண்டிக் சிட்டியின் சூதாட்ட வருமானம் பாதியானது. 2014இல் மட்டும் நான்கு கசினோக்கள் மூடி, 8,000 பேரளவில் வேலை இழந்தார்கள். தங்கள் கட்டடத்தின் மதிப்பு விழுந்துவிட்டது, கட்டிய சோலைவரியைத் திருப்பித் தா என்று கசினோக்கள் வழக்குப் போட, நகரசபை கடனில் மூழ்கியது. 2016இல் மாநில அரசு நகர நிர்வாகத்தைக் கையில் எடுத்தது. ஒரே தொழிலில் ஊரைக் கட்டிப்போட்டால், பக்கத்தில் இன்னொருவர் அதே கடையைத் திறக்கிற நாளில் ஊர் விழும். நமக்கோ அந்தப் பக்கத்துக் கடை கொழும்பில் ஏற்கெனவே திறந்தாயிற்று.

வேலையைப் பற்றி நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நாளுக்கு மூன்று வீதம் வாரத்துக்கு 21 முறைவேலை ஓடுகிற ஒரு மேசைக்கு, ஆள் ஆறு நாள் வேலை செய்தால் மூன்றரைப் பேர் வேண்டும். மூன்று மேசைக்கு ஒரு மாற்றாளைச் சேர்த்தால் மேசைக்கு நாலரைப் பேருக்குச் சற்றுக் கூட. இருபது மேசை என்றால் சீட்டுப் போடுகிறவர்கள் மட்டும் 90 பேருக்கு மேல். ஆனால் ஒரு ஆட்டத்தைப் பிழையில்லாமல் நடத்தப் பழகப் பல வாரங்கள் ஆகும். முன்கூட்டியே இங்கே பயிற்சி நடக்காவிட்டால் அந்த இடங்கள் கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருபவர்களுக்குப் போகும். நம் பிள்ளைகளுக்குக் காவலும் சலவையும் மிஞ்சும்.

வரிக்காசும் ஊருக்கு வராது. சூதாட்ட வரியும் நுழைவு வரியும் திறைசேரிக்குப் போகின்றன. குப்பை, கழிவுநீர், வாகன நெரிசல், கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிற குடிநீரில் கூடுகிற தேவை, இவையெல்லாம் உள்ளூராட்சி சபையின் தலையிலும் ஊர்ச் சனத்தின் தலையிலும் விழும். மணற்பாங்கான நிலாவெளியில் ஒரு பெரிய கட்டடம் ஆழக் கிணறு தோண்டி இறைத்தால் பக்கத்து வளவுக் கிணறு உவராகும்.

உங்கள் மழைக்காலப் பிரச்சினைக்கு கசினோவைவிடக் கிட்டிய வழிகள் இருக்கின்றன. கடைசி மூன்று வருட மாதவாரி வருமானப் பதிவை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய், தவணையைப் பருவத்துக்கேற்ப மாற்றக் கேளுங்கள்: மே முதல் செப்டெம்பர் வரை கூடிய தொகை, நவம்பர் முதல் தை வரை வட்டி மட்டும். பதிவுப் புத்தகம் இல்லாமல் வாயால் கேட்டால் முகாமையாளர் மேலிடத்துக்கு அனுப்பவே முடியாது. மழைக்காலத்தில் கடலை விற்காதீர்கள். கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, சேருவில விகாரை என்று வரும் யாத்திரைக் குழுக்களுக்கு ஆறு அறையையும் ஒரே விலையில், சைவச் சாப்பாட்டோடு கொடுக்கலாம். ஆறு அறை ஒரு பஸ்ஸுக்குப் போதாது, அயலில் உள்ள மூன்று நான்கு விடுதிகள் சேர்ந்தால்தான் முடியும்.

இத்தனைக்குப் பிறகும் யாராவது திட்டத்தோடு வந்தால், காணிக்கு ஒப்பம் வைப்பதற்கு முன் எழுத்தில் கேட்க வேண்டியவை உண்டு. ஆட்டக்காரரில் எத்தனை சதவீதம் வெளிநாட்டவர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள், அவர்கள் எந்த விமானத்தில் வருவார்கள்? உள்ளூரவருக்குக் கடனுக்கு ஆட்டம் உண்டா? குடும்பத்தார் கேட்டால் தடை போடுவார்களா? கரையிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டுவதானால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி எங்கே, தண்ணீர் எங்கிருந்து? சூதாட்ட வரியில் ஒரு பங்கு உள்ளூராட்சி சபைக்கு வரும் என்று சட்டத்தில் எழுதுவார்களா? முதல் கேள்விக்கு விமான நிறுவனத்தின் ஒப்பந்தத்தோடு பதில் வராவிட்டால் மற்றவற்றைப் பேசத் தேவையில்லை. அவர்கள் நம்பி வருவது உங்கள் அயலவரின் காசை.

அன்புடன்.