தொலைதூர எஃப்எம் நிலையங்களில் பெரும்பாலும் என்ன பாட்டு கேட்கும்? பாட்டை வைத்தே நிலையத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

பாட்டை மட்டும் நம்பாதீர்கள். நம்பி மானம் போனவன் சொல்கிறேன்.

ஒரு கோடைக் காலை. 88.5-ல் வெறும் இரைச்சல். திடீரென்று பக்கத்து அறையில் வாசிப்பது போல ஸ்டீல் கிட்டார், கன்ட்ரி பாட்டு. வானில் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் ஈ (E) அடுக்கு என்ற மின்னூட்டப் படலம், தொலைதூர நிலையத்தின் அலையைக் கீழே திருப்பி விட்டிருக்கிறது என்று புரிந்தது. நிலையங்களின் பட்டியலைப் புரட்டினேன். அந்த அலைவரிசையில் கன்ட்ரி போடுவது ஒரே நிலையம்தான், 1,400 கிலோமீட்டர் தள்ளி. உடனே குறிப்பேட்டில் ஏற்றி, நண்பர்கள் குழுவில் பீற்றிக்கொண்டேன். இரவு பதிவைப் போட்டுக் கேட்டால், பாட்டு முடிந்த கையோடு ஒரு பெண் பேசுகிறார். அது அந்த நாட்டு மொழியே இல்லை!

சரி, கேள்விக்கு வருகிறேன். அதிகம் கேட்பது பாப்பும் நடனப் பாட்டும்தான். அந்த நிலையங்கள் ஒலியின் ஏற்ற இறக்கத்தை அமுக்கி, எப்போதும் ஒரே உரப்பில் அனுப்புவதால் சிக்னல் மெலிந்தாலும் பாட்டு தெரியும். செவ்வியல் இசையில் மெல்லிய இடம் வந்தால் இரைச்சல் விழுங்கிவிடும். (ஸ்டீரியோவை விட்டு, ஒற்றைத் தட ஒலியான மோனோவுக்கு மாற்றினால் கொஞ்சம் மீளும்.) ஆனால் ஈ அடுக்கு, எஃப்எம் பட்டையின் அடிப்பக்கத்தில், அதாவது குறைந்த அலைவரிசைகளில்தான் முதலில் திறக்கும். அமெரிக்காவில் 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரை வணிகம் சாராத நிலையங்களுக்கு ஒதுக்கியிருப்பதால், அங்கிருந்து வருவது முதலில் செவ்வியல், ஜாஸ், பக்திப் பாட்டாகவே இருக்கலாம்.

'இணையத்திலேயே கேட்கலாமே' என்று யாராவது வருவார்கள். தூண்டில் போடுபவரிடம் மீன் கடையில் கிடைக்குமே என்பது போல. விடுங்கள். எனக்கு எரிச்சல் நிலையங்கள் மேல்தான். கணினி பாட்டாகப் போட்டுத் தள்ளுகிறது. முக்கால் மணி நேரம் காத்திருந்தாலும் பெயரைச் சொல்ல ஒரு ஆள் இல்லை.

பாட்டோடு சேர்ந்து வரும் ஆர்டிஎஸ் என்ற தரவுச் சிக்னலில், நிலையத்தை அடையாளம் காட்டும் பிஐ குறியீடு, அந்த நாலு எழுத்து, விழுந்தால் நிம்மதி. எனக்கு அன்று விழவில்லை. இன்னொன்றும் பிறகுதான் உறைத்தது: எஃப்எம்மில் இரண்டு நிலையம் மோதினால் வலுவானது மற்றதை அப்படியே அமுக்கிவிடும். பாட்டு ஒரு நிலையத்துடையதாகவும், அந்தக் குரல் இன்னொன்றினுடையதாகவும் இருந்திருக்கலாம். குறிப்பேட்டில் அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.