ஜன்னல் முன் எடுத்த படத்தில் முகம் மட்டும் இருட்டாக இருந்தால்?

வெளிச்சத்தைக் கூட்டினால் ஜன்னல் வெளுத்துவிடும். காரணம், எக்ஸ்போஷர் ஸ்லைடர் படம் முழுவதன் வெளிச்சத்தையும் சேர்த்தே உயர்த்தும். லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் முதலில் ஹைலைட்ஸை (வெளிச்சமான பகுதிகள்) -60 வரை இறக்குங்கள். வெளியே வானம் திரும்பத் தெரியும். பிறகு ஷேடோஸை (நிழலான பகுதிகள்) +40 அளவுக்கு ஏற்றுங்கள். அதற்கு மேல் போனால் முகம் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும், கண்ணோரத்திலும் தாடைக்கு அடியிலும் மணல் தூவியதுபோல் புள்ளிப்புள்ளியாக இரைச்சல் (நாய்ஸ்) கிளம்பும்.

பலரும் விட்டுவிடுவது அடுத்த படி. ஆல்ட் விசையை அழுத்தியபடி பிளாக்ஸை (மிகக் கருமையான பகுதிகள்) இடப்பக்கம் நகர்த்துங்கள். திரை வெள்ளையாகும், தலைமுடியில் ஓரிரு கரும்புள்ளிகள் தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள். ஷேடோஸ் ஏற்றியதில் தொலைந்த கருமையின் அழுத்தம் அங்கேதான் திரும்பும்.

இன்னும் முகம் மங்கலா? மாஸ்க் பிரஷ்ஷால் முகத்தை மட்டும் தடவி எக்ஸ்போஷரை +0.5 கூட்டுங்கள், விளிம்பு மென்மையாக இருக்கட்டும்.

ஜேபெக் (JPEG) கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 வெளிச்சப் படிகள்தான். கேமரா பதிவதை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா (RAW) கோப்பில் 16,384. இருட்டைத் தூக்கும்போது அந்த வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். ஆகவே இப்படிப்பட்ட வெளிச்சத்தில் ரா கோப்பாகவே எடுங்கள். முற்றிலும் வெளுத்துப்போன ஜன்னலை எந்த ஸ்லைடரும் மீட்டுத் தராது.