ஜனநாயக ஆலோசனைக் குழு சொன்னால் அரசு செய்தே ஆக வேண்டுமா?

நாகர்கோவிலில் படிக்கும் ஒரு மாணவரின் கேள்வி: "வெளிநாடுகளில் ஜனநாயகத்தை வளர்ப்பது பற்றி அமெரிக்க அரசுக்கு யோசனை சொல்ல நிபுணர் குழு வைக்கிறார்களே, அது சொன்னால் அரசு கேட்டாக வேண்டுமா? குழு வேலை செய்கிறதா, பெயருக்கு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

கேட்க வேண்டிய கட்டாயம் கிடையாது. நம்ம கலெக்டர் ஆபீசில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பேச்சிப்பாறைத் தண்ணீர் கடைவரம்புக்கு வரவில்லை என்று அங்கே எழுந்து சொல்லலாம். மதகைத் திறக்க உத்தரவு போட முடியாது. 2006-ல் காண்டலீசா ரைஸ் அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்தபோது அமைத்த ஜனநாயக மேம்பாட்டு ஆலோசனைக் குழுவின் நிலையும் அதுவாகத்தான் இருந்தது. பணமும் முடிவும் வெளியுறவுத் துறையின் கையில்.

அப்படியென்றால் வெறும் பேச்சுதானா? இல்லை. இத்தகைய குழுக்களைக் கட்டுப்படுத்த அமெரிக்காவில் 1972-ல் ஒரு சட்டம் வந்தது. குழு எதற்காக, என்ன வேலைக்காக என்று எழுதிய சாசனத்தைத் தாக்கல் செய்யாமல் முதல் கூட்டமே நடத்தக் கூடாது. அந்தச் சாசனத்தின் ஆயுள் 2 ஆண்டு. புதுப்பிக்காவிட்டால் குழு அத்தோடு முடிந்தது. கூட்ட அறிவிப்பு 15 நாளுக்கு முன்பே அரசிதழில் வர வேண்டும். துறை நியமித்த அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். நிகழ்ச்சி நிரலுக்கு ஒப்புதல் கொடுப்பவரும், வேண்டுமென்றால் கூட்டத்தைக் கலைப்பவரும் அவரே. உறுப்பினர்கள் ஒரே கருத்துக்காரர்களாக இருக்கக் கூடாது. நடவடிக்கைக் குறிப்பு கட்டாயம்.

ஓட்டைகளும் உண்டு. பெரிய ஓட்டை துணைக்குழு. அது தாய்க்குழுவிடம் மட்டும் அறிக்கை கொடுத்தால், கூட்டத்துக்குப் பொதுமக்களும் வரலாம் என்ற திறந்த கூட்ட விதி பொதுவாக அதைக் கட்டுப்படுத்தாது. உண்மையான விவாதம் அங்கே முடிந்துவிடும். திறந்த கூட்டத்தில் தலையாட்டல்தான் மிச்சம். அடுத்தது, ரகசியம் என்று சொல்லிக் கதவைச் சாத்துவது. வெளியுறவு விஷயம் என்பதால் இதற்கு வாய்ப்பு அதிகம். அதற்கும் துறை காரணத்தை எழுத்தில் வைத்தாக வேண்டும். அந்தக் காரணத்தைத் தேடிப் படியுங்கள், பல விஷயம் பிடிபடும்.

பலர் இங்கே குழப்பிக்கொள்வது 1983-ல் தொடங்கிய 'நேஷனல் எண்டோமென்ட் ஃபார் டெமாக்ரசி'யை. அது ஆலோசனைக் குழு இல்லை. அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்கும் பணத்தை மானியமாகக் கொடுக்கும் தனியார் அமைப்பு. எங்கே கொடுப்பது என்று அதன் சொந்த வாரியம் முடிவு செய்கிறது.

ஒரு குழுவை எடைபோட முதலில் சாசனத் தேதியைப் பாருங்கள், 2 ஆண்டு தாண்டியிருந்தால் மேலே படிக்க வேண்டாம். பிறகு கடைசி இரண்டு கூட்டங்களின் குறிப்பை அருகருகே வையுங்கள். முதல் கூட்டத்தில் சொன்ன பரிந்துரைக்கு இரண்டாவதில் துறை பதில் சொல்லியிருக்கிறதா? இப்படிப்பட்ட துறைசார் குழுவுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. இந்த ஒன்றில் நம்ம குறைதீர் கூட்டம் தேவலை, போன மாத மனுவுக்கு என்ன ஆச்சு என்று எழுந்து கேட்கலாம்.