செகா எங்கே தோற்றது? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

பெரிய நிறுவனங்களின் சரிவு பற்றிய உங்கள் கட்டுரையில், வீடியோ கேம் கன்சோல்கள் செய்துவந்த ஜப்பானிய நிறுவனமான செகாவைப் பற்றி ஒரு வரி வருகிறது. ‘ட்ரீம்காஸ்ட் கடைக்கு வருவதற்கு முன்பே செகா தோற்றுவிட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். என்னால் இதை ஏற்க முடியவில்லை. நான் மென்பொருள் துறையில் இருப்பவன். பழைய கேம்களைக் கணினியில் எமுலேட்டர் வைத்து விளையாடுவது என் பொழுதுபோக்கு. செகாவின் கடைசி கன்சோலான ட்ரீம்காஸ்ட் அதன் காலத்தைத் தாண்டிய கருவி. 1998இலேயே இணைய மோடத்தோடு வந்தது. அதன் கேம்கள் இன்றைக்கும் அலுக்கவில்லை. அதை வீழ்த்தியது சோனியின் பணபலமும் திருட்டு சிடியும்தான். நல்ல பொருளைச் செய்தும் தோற்றவர்கள் மேல் நாமும் பழி போட வேண்டுமா?

அமெரிக்கக் கிளை எல்லாவற்றையும் சரியாகச் செய்தது, ஜப்பான் தலைமையகத்தின் வறட்டு கௌரவம்தான் கெடுத்தது என்று யூட்யூப் முழுக்கச் சொல்கிறார்களே, அது உண்மையா? இன்னும் ஓராண்டு தாக்குப்பிடித்திருந்தால் செகாவின் கன்சோல் பிழைத்திருக்குமா?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

ட்ரீம்காஸ்ட் நல்ல கருவி என்பதில் நமக்குள் வேறுபாடே இல்லை. அந்த வரியை எழுதத் தூண்டியதே அதுதான். மோசமான பொருள் தோற்றால் அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. இவ்வளவு நல்ல பொருள் ஏன் தோற்றது என்று தேடிப் போனால் 1994, 95 வரை பின்னால் போக வேண்டியிருக்கிறது.

திருட்டு சிடியை முதலில் முடித்துவிடுவோம். ட்ரீம்காஸ்டின் கேம்கள் ஜிடி-ராம் என்ற தனிவகை வட்டில் வந்தன. மில்-சிடி என்ற இசை வட்டுகளுக்காக வைத்திருந்த வசதி வழியாகச் சாதாரண சிடியிலிருந்தும் கேமை ஓடவைக்கலாம் என்று 2000இல் கண்டுபிடித்துவிட்டார்கள். செகாவுக்கு அது நஷ்டம்தான். ஆனால் சோனியின் பிளேஸ்டேஷனுக்கும் திருட்டு சிடி உலகெங்கும் கிடைத்தது. இருந்தும் அந்தக் கன்சோல் 10 கோடிக்கு மேல் விற்றது. எனவே காரணத்தை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

இந்தத் தொழிலின் அடிப்படை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கன்சோல் வாங்குகிறவர் அன்றைக்குக் கடையில் இருக்கும் நாலு கேமுக்காக மட்டும் பணம் தருவதில்லை. அடுத்த நாலைந்து வருடம் இதற்கு கேம் வந்துகொண்டே இருக்கும் என்று நம்பித் தருகிறார். அதே நம்பிக்கையில் கடைக்காரர் அலமாரியில் இடம் ஒதுக்குகிறார். கேம் செய்யும் நிறுவனமும் அதே நம்பிக்கையில்தான் ஒன்றிரண்டு வருடம் முன்னதாகவே ஆட்களைப் போட்டு வேலையைத் தொடங்குகிறது. கன்சோலில் லாபம் குறைவு, சில சமயம் நஷ்டம்கூட, சம்பாதிப்பது கேம்களில். ஆக இந்த மூன்று பேரின் நம்பிக்கைதான் முதலீடு. செகா இந்த மூவரையும் பதினெட்டு மாதத்துக்குள் இழந்தது.

அதற்கு முன்பு செகாவின் உச்சத்தைப் பார்க்க வேண்டும். 1988இல் ஜப்பானில் வந்த மெகா டிரைவ், அமெரிக்காவில் ஜெனிசிஸ் என்ற பெயரில் விற்றது. முன்பு பொம்மை நிறுவனமான மேட்டலை நடத்திய டாம் கலின்ஸ்கி 1990இல் அமெரிக்கக் கிளையின் பொறுப்பை ஏற்றார். கன்சோலின் விலையைக் குறைத்தார். புதிதாக வந்த சோனிக் கேமைக் கன்சோலோடு சேர்த்தே கொடுத்தார். அசைக்க முடியாது என்றிருந்த நின்டெண்டோவுக்குச் சமமாக நின்றார். ஆனால் சொந்த நாடான ஜப்பானில் மெகா டிரைவ் மூன்றாம் இடத்தைத் தாண்டவே இல்லை. (இந்தியாவில் அதை 1995இல் ஷா வாலஸ் நிறுவனம் விற்றது. விலை 18,000 ரூபாய். நம்மில் பலர் செகாவின் பெயரையே கேள்விப்படாமல் வளர்ந்ததற்கு வேறு காரணம் வேண்டாம்.)

ஒரே நிறுவனத்துக்கு இரண்டு சந்தை, இரண்டு நிலவரம். அமெரிக்காவில் 16-பிட் கன்சோலான ஜெனிசிஸ் இன்னும் கொழிக்கிறது. ஜப்பானிலோ அடுத்த கருவி உடனே வேண்டும். இதற்கு இரண்டு திட்டங்கள் போட்டிருக்க வேண்டும். அவர்கள் செய்தது வேறு.

1994 ஜனவரியில் லாஸ் வேகாஸ் மின்னணுக் கண்காட்சியின்போது தலைவர் ஹயாவோ நகயாமாவிடமிருந்து அமெரிக்கக் கிளைக்கு அவசரத் தகவல் போகிறது. போட்டி நிறுவனமான அடாரியின் ஜாகுவார் கன்சோல் வந்துவிட்டது, உடனே பதில் வேண்டும் என்கிறார். ஜப்பானியர் சொன்ன யோசனை, மெகா டிரைவையே கொஞ்சம் மேம்படுத்திப் புதிய கன்சோலாக விற்பது. அது வேண்டாம், இருக்கிற ஜெனிசிஸின் மேல் செருகும் கருவியாகச் செய்யலாம் என்று சொன்னவர் அமெரிக்கக் கிளையின் ஜோ மில்லர். அப்படிப் பிறந்ததுதான் 32எக்ஸ். யூட்யூபில் இதை அவ்வளவாகச் சொல்லமாட்டார்கள். ஆங்கிலத்தில் அதிகம் பேட்டி கொடுத்தவர்கள் அமெரிக்கக் கிளைக்காரர்கள். நாம் கேட்கும் கதையில் அவர்கள் பக்கம்தான் அதிகம்.

32எக்ஸ் 159 டாலருக்கு அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 1994 நவம்பரில். அதே நவம்பர் 22 அன்று ஜப்பானில் செகாவின் அசல் புதுக் கன்சோலான சாட்டர்ன் வெளியாகிறது! கேம் இதழ் படிக்கிற எந்தச் சிறுவனுக்கும் தெரியும், தான் வாங்கப்போவது சில மாதத்தில் செல்லாக்காசாகும் கருவி என்று. இத்தனைக்கும் இரண்டு வருடம் முன்புதான் 299 டாலருக்கு சிடி கருவி ஒன்றை ஜெனிசிஸுக்கு இணைப்பாக விற்றிருந்தார்கள். மூன்றையும் வாங்கியவர் வீட்டில் மூன்றுக்கும் தனித்தனி பவர் அடாப்டர் செருக வேண்டும். 32எக்ஸுக்கு மொத்தம் வந்தது நாற்பது கேம் அளவுக்குத்தான். 1996இல் மூட்டை கட்டிவிட்டார்கள். செகா எது விட்டாலும் முதல் நாளே வாங்கிய மிக விசுவாசமான வாடிக்கையாளரைத்தான் இது தண்டித்தது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் வருத்தம் தரும் இடம் இதுதான்.

அடுத்து கடைக்காரர்கள். சாட்டர்ன் அமெரிக்காவில் 1995 செப்டம்பர் 2 அன்று வரும் என்று அறிவித்திருந்தார்கள். மே 11 அன்று லாஸ் ஏஞ்சலஸில் வீடியோ கேம் தொழிலின் முதல் இ3 கண்காட்சி. கலின்ஸ்கி மேடையேறி, சாட்டர்ன் இன்றே கடைகளில் இருக்கிறது, விலை 399 டாலர் என்றார். பிளேஸ்டேஷனுக்கு முந்திக்கொள்ள வேண்டும் என்று தலைமையகம் எடுத்த முடிவு அது. சரக்கு போதாததால் டாய்ஸ் ஆர் அஸ் உட்பட நான்கே கடைத்தொடர்களுக்குத்தான் அனுப்பியிருந்தார்கள். வால்மார்ட்டுக்கு இல்லை. கேபி டாய்ஸ் கோபத்தில் செகாவின் பொருள்களையே விற்கமாட்டேன் என்று நிறுத்திவிட்டது. வெளி நிறுவனங்கள் செப்டம்பரைக் கணக்கில் வைத்து கேம் செய்துகொண்டிருந்தன. அவர்களுக்கும் யாரும் சொல்லவில்லை. அன்று கடையில் இருந்த கேம்கள் எல்லாம் செகாவே வெளியிட்டவை. வாங்கியவர்கள் புதிய கேமுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அதே கண்காட்சியில் சோனியின் ஸ்டீவ் ரேஸ் மேடையேறி ‘299’ என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். நூறு டாலர் வித்தியாசம். அரங்கம் கைதட்டியது. செப்டம்பரில் வந்த பிளேஸ்டேஷன், சாட்டர்ன் மே முதல் விற்றிருந்ததை இரண்டே நாளில் தாண்டிவிட்டது.

மூன்றாவது கேம் செய்பவர்கள். சாட்டர்னுக்குள் இரண்டு ஹிட்டாச்சி பிராசசர்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் வேலை வாங்குவது பெரும்பாடு. நூறு புரோகிராமரில் ஒருவரால்தான் அந்த வேகத்தை எடுக்க முடியும் என்று செகாவின் யு சுசுகியே சொன்னார். விர்ச்சுவா ஃபைட்டர் கேமைச் செய்த மேதை அவர். அவருக்கே அப்படியென்றால் சின்ன நிறுவனம் என்ன செய்யும்? பிளேஸ்டேஷனுக்கு நகர்ந்தார்கள். சாட்டர்னுக்கென்று செய்துகொண்டிருந்த பெரிய சோனிக் கேமையும் செகாவால் முடிக்க முடியவில்லை.

இதற்கிடையே 1995 இறுதியில் நகயாமா பழைய கருவிகளை நிறுத்திவிட்டு எல்லாரும் சாட்டர்ன் மேல் கவனம் வையுங்கள் என்றார். அமெரிக்கர்கள் இன்னும் 16-பிட் கேம் வாங்கிக்கொண்டிருந்த நேரம் அது. நின்டெண்டோ பதறவில்லை. 1994 நவம்பரில் டாங்கி காங் கண்ட்ரி கேமை வெளியிட்டு, பழைய சூப்பர் நின்டெண்டோவிலேயே சம்பாதித்து, 1996இல்தான் அடுத்த கன்சோலைக் கொண்டுவந்தது.

அதனால் கௌரவம்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். டோக்கியோவில் உட்கார்ந்து பார்த்தால் அவர்கள் முடிவில் நியாயம் இருந்தது. மொத்தம் விற்ற சுமார் 92 லட்சம் சாட்டர்னில் 57 லட்சத்துக்கு மேல் ஜப்பானில் விற்றவை. தங்கள் ஊருக்குச் சரியான காலத்தை உலகத்துக்கே சரி என்று நினைத்ததுதான் தவறு. அமெரிக்கக் கிளையும் பின்னால் எதிர்த்திசையில் அதே தவறைச் செய்தது. சோனியிலிருந்து வந்த பெர்னி ஸ்டோலர் 1997 இ3 சமயத்தில், சாட்டர்ன் எங்கள் எதிர்காலம் அல்ல என்று வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த கன்சோல் அமெரிக்காவுக்கு வர இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. கடையில் சாட்டர்ன் விற்பவர் என்ன செய்வார்?

1998 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் செகா குழுமத்தின் நிகர நஷ்டம் 3,560 கோடி யென். ட்ரீம்காஸ்ட் பிறக்க இன்னும் எட்டு மாதம் இருந்தது.

அப்படியென்றால் 1999 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவில் ட்ரீம்காஸ்ட் 24 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 10 கோடி டாலர் வசூலித்தது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். விலை 199 டாலர், கேம்கள் அருமை, விசுவாசிகள் மிச்சம் இருந்தார்கள். ஆனால் பிளேஸ்டேஷன் 2 வரும் என்று சோனி அந்த மார்ச்சிலேயே அறிவித்துவிட்டது. அமெரிக்காவுக்கு அது வந்தது 2000 அக்டோபரில். விலை 299. அப்போதும் தட்டுப்பாடு, பணத்தோடு போனவர்களில் பலருக்குக் கிடைக்கவில்லை. பக்கத்து அலமாரியில் ட்ரீம்காஸ்ட் 149 டாலருக்கு இருந்தது. சோனியின் பணபலம்தான் காரணம் என்றால் செகாவுக்கு அந்தக் கிறிஸ்துமஸ் பொற்காலமாக இருந்திருக்க வேண்டும். மக்கள் ட்ரீம்காஸ்டை எடுக்காமல் பிளேஸ்டேஷன் 2க்குக் காத்திருந்தார்கள். காத்திருக்க முடியாதவர்கள்கூட சோனியின் பழைய கன்சோலின் சின்ன வடிவமான பிஎஸ் ஒன்னை வாங்கிப் போனார்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது. டிவிடி பார்க்கலாம், பழைய கேமும் ஓடும் என்ற வசதிகள் சோனிக்கு உதவின, மறுக்கவில்லை. ஆனால் காணாத கருவிக்காக ஒருவரைக் காத்திருக்க வைப்பது சிப்பும் வட்டும் அல்ல.

ஜெனிசிஸை வளர்த்ததில் பெரும்பங்கு கொண்ட கேம் நிறுவனமான எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸும் ட்ரீம்காஸ்டுக்கு ஒரு கேம்கூடச் செய்யவில்லை. விளையாட்டு கேம்களில் தனக்கு மட்டுமே உரிமை வேண்டும் என்று அது கேட்டதாக ஸ்டோலர் பின்னாளில் சொன்னார். செகாவோ விஷுவல் கான்செப்ட்ஸ் என்ற கேம் நிறுவனத்தை விலைக்கு வாங்கி, தன் சொந்த விளையாட்டு கேம்களைச் செய்தது. அந்த கேம்கள் உண்மையிலேயே நன்றாக இருந்தன.

சரி, இன்னும் ஓராண்டு? 2001 ஜனவரி 31 அன்று நிறுத்தும் முடிவை அறிவித்தார்கள். அந்த மார்ச்சில் முடிந்த ஆண்டின் நஷ்டம் 5,170 கோடி யென். அந்த வருடமே நின்டெண்டோவின் கேம்கியூபும் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸும் வரவிருந்தன. கன்சோல் தொழிலை விட்டுவிடலாம் என்று நிறுவனத்துக்குள் முன்பிருந்தே சொல்லிவந்தவர் அப்போது செகாவின் தலைவராக இருந்த இசாவோ ஒகாவா. தன் சொந்தப் பணத்தில் 50 கோடி டாலர் கடனும் கொடுத்திருந்தார். 2001 மார்ச் 16 அன்று இறப்பதற்குச் சற்று முன்பு அந்தக் கடனைத் தள்ளுபடி செய்து, ஏறக்குறைய 70 கோடி டாலர் மதிப்புள்ள தன் பங்குகளையும் செகாவுக்கே கொடுத்துவிட்டார். அந்தப் பணத்தை ட்ரீம்காஸ்டின் இன்னொரு வருடத்துக்குச் செலவழித்திருந்தால் நீங்கள் கேட்கும் ஓராண்டு கிடைத்திருக்கும். கேம் செய்யும் செகா மிஞ்சியிருக்காது. அதை வைத்துத்தான் அவர்கள் கேம் நிறுவனமாக மாறினார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே சோனிக் கேம் நின்டெண்டோவின் கன்சோலில் வந்தது.