பரணில் கிடக்கும் பழைய ரவுட்டர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஃபைபர் இணைப்புக்கு மாறும்போது புதுப் பெட்டி ஒன்று வீட்டுக்கு வந்துவிடுகிறது. காசு கொடுத்து வாங்கிய பழைய ரவுட்டர் பரணுக்குப் போய்விடுகிறது. அதை எடுத்து மறுபடியும் மாட்டலாமா என்று கேட்டு எழுதியவர்களுக்கு இந்த வாரம் பதில்.

கீழே ஹாலில் ஃபைபர் பெட்டி இருக்கிறது. மாடி அறையில் மகளின் ஆன்லைன் வகுப்பு விட்டு விட்டு வருகிறது. பழைய ரவுட்டரை மாடியில் வைத்தால் சரியாகுமா? எப்படி இணைப்பது?

சரியாகும். சிக்னலைத் தடுப்பது கான்கிரீட் தளமும் அதற்குள் இருக்கும் கம்பிக்கட்டும்தான். கீழே பெட்டியை எந்த மூலைக்கு நகர்த்தினாலும் அந்தத் தடை பெரிதாகக் குறையாது. மாடிப்படி வழியாக ஒரு கேட் 5இ அல்லது கேட் 6 வகை நெட்வொர்க் கேபிளை மேலே கொண்டுபோய்விடுங்கள்.

உடனே இணைத்துவிடாதீர்கள். முதலில் பழைய ரவுட்டரைத் தனியாக ஒரு லேப்டாப்புடன் இணைத்து, பின்பக்கம் உள்ள ரீசெட் துளையை ஊசியால் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பழைய அமைப்புகளை அழித்துவிடுங்கள். அதன் அமைப்புப் பக்கத்துக்குப் போகும் முகவரி பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். உள்ளே போய்ப் புது அட்மின் கடவுச்சொல் வைத்துவிட்டு, அதன் சொந்த ஐ.பி. முகவரியை மாற்றுங்கள். கீழே உள்ள பெட்டி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுக்கலாம். அந்தப் புது முகவரியில் மறுபடி உள்ளே போய் வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் அமைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக டிஹெச்சிபியை அணைத்துவிடுங்கள். இதை முதலிலேயே அணைத்தால் லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காமல் நடுவழியில் நிற்பீர்கள்.

டிஹெச்சிபி என்பது வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் கொடுத்து, வெளியே போகும் வாசல் எது என்றும் சொல்லிவிடுகிற வேலை. அதை இரண்டு ரவுட்டர்கள் செய்தால், எது முதலில் பதில் சொல்கிறதோ அதன் பேச்சைத்தான் போன் கேட்கும். மாடி ரவுட்டர் 'நானே வாசல்' என்று சொல்லும். அதற்கு வெளியே போக வழியே கிடையாது. 'இணைந்துள்ளது, இணையம் இல்லை' என்று போனில் வருவது இப்படித்தான். ஒரு நேரம் வேலை செய்யும், ஒரு நேரம் செய்யாது. கீழே இருக்கும் டிவியையும் இது பாதிக்கும் என்பதால் மாடி ரவுட்டர்மேல் யாருக்கும் சந்தேகமே வராது.

இனி கேபிளை மாட்டலாம். கீழ்ப் பெட்டியின் லேன் (வீட்டுக் கருவிகளுக்கான) துளையிலிருந்து மாடி ரவுட்டரின் லேன் துளைக்கு. 'வேன்' அல்லது 'இன்டர்நெட்' என்று எழுதிய, பெரும்பாலும் நிறம் மாறியிருக்கும் துளை காலியாகவே இருக்கட்டும். ஒரே ஒரு கேபிள் போதும். இரண்டு மாட்டினால் வேகம் கூடும் என்று நினைத்து ஒருமுறை நானே மாட்டினேன். தகவல் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே சுற்றிச் சுற்றி வந்து, அடுத்த நிமிடமே வீட்டு வலை முழுவதும் நின்றுவிட்டது.

இன்னொன்று: கீழ்ப் பெட்டி முகவரி கொடுக்கத் தொடங்கும் எண்ணை 192.168.1.10 என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் 1.2 என்ற அதே எண்ணை அது வேறொரு போனுக்குக் கொடுத்துவிடக்கூடும்.

ரவுட்டரிலேயே 'ஆக்சஸ் பாயின்ட்' (வைஃபையை மட்டும் பரப்பும் பெட்டி) என்ற தேர்வு இருந்தால் இவ்வளவும் தேவையில்லை. அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும். கேபிளை எந்தத் துளையில் மாட்டுவது என்பதை மட்டும் அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் வேன் துளையில்தான் மாட்டினேன். இணையம் நன்றாக வருகிறது. ஆனால் மாடியில் இருந்து கீழே உள்ள டிவிக்கு வீடியோ அனுப்ப முடியவில்லை. ஏன்?

வேன் துளையில் மாட்டியதும் மாடி ரவுட்டர் தனக்கென்று தனி வலையை உருவாக்கிக்கொள்கிறது. போனும் டிவியும் ஒன்றையொன்று தேடும் அழைப்பு அந்தச் சுவரைத் தாண்டிப் போகாது. பிரின்டரும் இதனால்தான் கண்ணில் படாது. இணையம் மட்டும் போதும் என்றால் இப்படியே விடலாம். எல்லாம் ஒரே வலையில் வேண்டும் என்றால் முதல் பதிலில் சொன்ன முறைக்கு மாறுங்கள்.

மாடியில் டியூஷன் எடுக்கிறேன். மாணவர்களுக்கு வைஃபை கொடுக்க வேண்டும். வீட்டுக் கணினியும் கேமராவும் அவர்களுக்குத் தெரியக் கூடாது. இரண்டாவது ரவுட்டரை வேன் துளை வழியாக இணைத்து அவர்களுக்குக் கொடுத்தால் போதுமா?

போதாது. உள்ளே இருக்கும் ரவுட்டரின் சுவர் ஒருவழிச் சுவர். வெளி வலையில் இருப்பவர்கள் உள்ளே வர முடியாது. உள்ளே இருப்பவர்கள் வெளி வலைக்குத் தாராளமாகப் போகலாம். நீங்கள் சொல்லும் ஏற்பாட்டில் மாணவர்கள் உள்ளே, உங்கள் கேமரா வெளியே. அதைத் தலைகீழாக்குங்கள்: ஃபைபர் பெட்டியின் வைஃபை மாணவர்களுக்கு, இரண்டாவது ரவுட்டருக்குப் பின்னால் உங்கள் கருவிகள். இரண்டுக்கும் முகவரி வரிசை வேறாக இருக்க வேண்டும்; ஒன்று 192.168.1 என்றால் மற்றது 192.168.5 என்பதுபோல.

பழைய ரவுட்டரில் விருந்தினருக்கென்று தனியாக உள்ள 'கெஸ்ட்' வைஃபையை நம்பலாமே என்று தோன்றும். ஆக்சஸ் பாயின்டாக மாற்றியபின் பல மாடல்களில் அந்தப் பிரிப்பு வேலை செய்வதில்லை. கெஸ்டில் ஒரு போனை இணைத்து, கேமராவின் முகவரியைத் திறந்து பார்த்துச் சோதித்துவிட்டே கொடுங்கள்.

கீழ்ப் பெட்டி, ஆக்சஸ் பாயின்டாக மாற்றிய மாடி ரவுட்டர் இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயர் வைக்கலாமா?

வைக்கலாம், கடவுச்சொல்லும் பாதுகாப்பு முறையும் ஒன்றாகவே இருக்கட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனலை மட்டும் பிரித்துவிடுங்கள்: 1, 6, 11 ஆகிய மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று விழாது. கீழே 1, மாடியில் 6 வைக்கலாம். எந்த ரவுட்டரோடு இணைவது என்று முடிவு செய்வது போன்தான். மாடிக்குப் போன பிறகும் கீழ்ச் சிக்னலையே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால், கீழ்ப் பெட்டியின் ஒலிபரப்புத் திறனை ஒரு படி குறைத்துப் பாருங்கள்.

300 எம்பிபிஎஸ் திட்டம். கேபிள் போட்டும் மாடியில் 94-ஐத் தாண்டவில்லை. ரவுட்டர் பழுதா?

பழுதில்லை. 94 என்ற எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. உங்கள் பழைய ரவுட்டரின் துளைகள் 100 எம்பிபிஎஸ் வகை. துளைகள் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வகையாக இருந்தும் இதே எண் வந்தால் கேபிள் முனையைப் பாருங்கள். கிகாபிட் வேகத்துக்கு எட்டுக் கம்பிகளும் வேண்டும். நாலு மட்டும் சேர்ந்திருந்தால் 100-க்கு இறங்கிவிடும். கிளிப்பை வெட்டி மறுபடி கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள். ஆன்லைன் வகுப்புக்கு 94 தாராளம் என்பதால், அதற்காக மட்டும் புது ரவுட்டர் வாங்க வேண்டாம்.

எவ்வளவு பழைய ரவுட்டர் வரை பயன்படுத்தலாம்?

பாதுகாப்புத் தேர்வில் டபிள்யூபிஏ2-ஏஇஎஸ் இல்லாவிட்டால் வேண்டாம். அந்த முறை வந்தது 2004-இல். அதற்கு முந்தைய டபிள்யூஇபி மட்டும் உள்ள பெட்டியை வீட்டில் மாட்டுவது, கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம். அதை மின்கழிவாகக் கொடுத்துவிடுங்கள்.

தெருவுக்கு எதிரே தம்பி வீடு. மொட்டை மாடியில் இருந்து கேபிள் இழுத்து அங்கே ஒரு ரவுட்டர் வைக்கலாமா? 40 மீட்டர்தான்.

100 மீட்டர் வரை கேபிள் தாங்கும். தூரம் இங்கே பிரச்சினையே இல்லை. என் பயம் இடி. வெட்டவெளியில் தொங்கும் செப்புக் கேபிள், பக்கத்தில் எங்கோ விழும் மின்னலின் தாக்கத்தைக்கூட இரண்டு வீட்டு ரவுட்டர்களுக்கும் கொண்டுவந்துவிடும். ஐப்பசி மழையில் இப்படித் துளைகள் கருகிப்போன பெட்டிகளைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அதனால் ஃபைபர் இழுங்கள். இரு முனைகளிலும், ஃபைபரின் ஒளியைச் செப்புக் கேபிளுக்கான சிக்னலாக மாற்றும் மீடியா கன்வர்ட்டர் ஒவ்வொன்று வேண்டும். கேபிள் வாங்கும்போது உள்ளே இரும்புக் கம்பி இல்லாத வகையாகக் கேட்டு வாங்குங்கள். தாங்குவதற்காகக் கம்பி வைத்த ஃபைபரும் விற்கிறது, அந்தக் கம்பியும் மின்சாரத்தைக் கடத்தும். இணைப்பைப் பக்கத்து வீட்டோடு பகிர உங்கள் திட்டம் அனுமதிக்கிறதா என்பதையும் கேபிள் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.