ஒரு கன்ட்ரோலர், இரண்டு மோட்டார்: கேள்வி பதில்

கேள்வி: சொந்தமாகச் செய்யும் நான்கு சக்கர வண்டிக்கு 24 வோல்ட், 250 வாட் மோட்டார் இரண்டு வைத்திருக்கிறேன். ஒரே கன்ட்ரோலரில் (மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி) ஓட்டலாமா சார்?

பதில்: மோட்டாரிலிருந்து எத்தனை ஒயர் வருகிறது என்று முதலில் பாருங்கள். தடித்த ஒயர் இரண்டு மட்டும் என்றால் பிரஷ் (கார்பன் தொடுமுனை) உள்ள மோட்டார், தாராளமாக ஓட்டலாம். தடித்தது மூன்று, கூடவே மெல்லிய ஒயர் ஐந்து என்றால் பிஎல்டிசி, அதாவது பிரஷ் இல்லாத மோட்டார். அதில் ஒவ்வொரு மோட்டாருக்கும் தனி கன்ட்ரோலர் வேண்டும்.

கேள்வி: ஏன் அண்ணா? மூன்று ஒயரையும் ஜோடி ஜோடியாகச் சேர்த்து முறுக்கிவிட்டால் ஓடாதா?

பதில்: வேண்டாம் தம்பி. உள்ளே காந்தம் எந்த நிலையில் இருக்கிறது என்று ஹால் சென்சார் சொன்ன பிறகுதான் கன்ட்ரோலர் எந்தச் சுருளுக்குக் கரண்ட் என்று முடிவு செய்யும். அது ஒரு மோட்டாரின் சென்சாரை மட்டுமே படிக்கும். இன்னொன்றின் காந்தம் வேறு எங்கோ நிற்கும். மோட்டார் உதறும், சூடாகும், கடைசியில் கன்ட்ரோலருக்குள் கரண்டைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் போகும். இரண்டையும் ஒரே நிலையில் வைத்துப் பொருத்தினாலும் முதல் திருப்பத்திலேயே கலைந்துவிடும், வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டுமே!

கேள்வி: அப்படியென்றால் இரண்டு கன்ட்ரோலருக்கு ஒரே த்ராட்டில் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடி) போதுமா?

பதில்: போதும். த்ராட்டிலின் 5 வோல்ட் ஒயரை ஒரு கன்ட்ரோலரிலிருந்து மட்டும் எடுங்கள், சிக்னல் ஒயரையும் கிரவுண்ட் ஒயரையும் இரண்டுக்கும் கொடுங்கள். இரண்டின் பேட்டரி மைனஸ் ஒயரும் தடிமனாக, இறுக்கமாக இருக்கட்டும். அதில் ஒன்று கழன்றால், மோட்டார் கரண்ட் மொத்தமும் த்ராட்டிலின் நூல் போன்ற கிரவுண்ட் ஒயர் வழியாகத் திரும்பப் பார்க்கும். ஒயர் உருகிவிடும்.

கேள்வி: என்னுடையது பிரஷ் மோட்டார். பேரலலா, சீரிஸா?

பதில்: இதில்தான் விஷயமே இருக்கிறது. பேரலலில், அதாவது இரண்டையும் பக்கம் பக்கமாகக் கன்ட்ரோலரில் இணைத்தால், இரண்டுக்கும் ஒரே வோல்டேஜ், அதனால் ஒரே வேகத்தில் சுற்றப் பார்க்கும். திருப்பத்தில் உள்சக்கரம் மெதுவாவதால் அந்த மோட்டார் அதிக கரண்ட் இழுக்கும். வண்டி கொஞ்சம் நேராகவே போக அடம்பிடிக்கும். ஆனால் மண்ணில் ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றது தள்ளும். சீரிஸில், அதாவது ஒன்றன் பின் ஒன்றாக இணைத்தால், இரண்டிலும் ஒரே கரண்ட், அதனால் ஒரே மாதிரி மோட்டாருக்கு ஒரே டார்க் (சுழற்றும் விசை). வேகம் அதன் போக்கில் பிரிந்துகொள்ளும், காரில் இரு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் போலவே. அதன் குறையும் கூடவே வரும்: ஒரு சக்கரம் வழுக்கினால் வோல்டேஜைப் பெரும்பாலும் அதுவே எடுத்துக்கொள்ளும், வண்டி நின்றுவிடும். அப்புறம், 24 வோல்ட் மோட்டார் இரண்டை சீரிஸில் போட்டு முழு வேகம் வேண்டுமென்றால் 48 வோல்ட் தேவை. கரடுமுரடான தரை என்றால் நான் பேரலலுக்கே ஓட்டுப் போடுவேன்.

கேள்வி: பேரலலுக்கு எத்தனை ஆம்பியர் கன்ட்ரோலர் வாங்கலாம்?

பதில்: 250 வாட் என்பது மோட்டார் கொடுக்கும் பவர். வீணாவதையும் சேர்த்து அதற்கு 24 வோல்ட்டில் சுமார் 14 ஆம்பியர் இழுக்கும், இரண்டுக்கும் 28. கிளம்பும்போது இன்னும் அதிகம். 40 ஆம்பியர் தாங்குவதாகப் பாருங்கள். ஆனால் கன்ட்ரோலருக்கு மொத்தக் கரண்ட் மட்டும்தான் தெரியும். ஒரு சக்கரம் சிக்கி நின்றால் அந்த 40-இல் பெரும்பங்கும் அந்த ஒரு மோட்டாருக்கே போகும். ஒவ்வொரு மோட்டாருக்கும் தனி ஃபியூஸ் கட்டாயம்.

கேள்வி: எதிரெதிராகப் பொருத்தியதில் ஒன்று பின்னால் சுற்றுகிறதே?

பதில்: நிரந்தரக் காந்த பிரஷ் மோட்டார் என்றால் அதன் இரண்டு ஒயரை மாற்றிப் போடுங்கள், சரியாகிவிடும்.

கேள்வி: ஃபியூஸுக்குப் பதில் வீட்டு எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்) போடலாமா?

பதில்: கூடாது. ஏசியில் கரண்ட் நொடிக்குப் பலமுறை பூஜ்யத்தைத் தொடும், சுவிட்ச் திறக்கும்போது எழும் தீப்பொறி அணைந்துவிடும். டிசியில் அப்படி இல்லை, இழுத்துக்கொண்டே எரியும். டிசிக்கென்று குறிப்பிட்டதையே வாங்குங்கள்.