போர் விமான மாடல் சின்னங்களுக்கு மாஸ்க்: கட்டர் வாங்கலாமா, ரெடிமேட் போதுமா?

கேள்வி: 1/48 ஸ்கேலில் (நிஜ அளவில் 48-ல் ஒரு பங்கு) பிரிட்டிஷ் விமானமான ஸ்பிட்ஃபயர் மார்க் 9 செய்துகொண்டிருக்கிறேன். டெக்கல் (நனைத்து ஒட்டும் ஸ்டிக்கர்) ஒட்டாமல், மாஸ்க் வைத்து, அதாவது சின்னத்தின் வடிவில் வெட்டிய மறைப்பை ஒட்டி, சின்னங்களை ஏர்பிரஷ்ஷிலேயே (பெயின்ட் தூவும் கருவி) அடிக்க ஆசை. கையால் வெட்டிய வட்டங்கள் கோணலாக வருகின்றன. கம்ப்யூட்டரோடு இணைக்கிற கட்டர் மெஷின் வாங்கிவிடலாமா?

பதில்: இந்த ஒரு விமானத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம், ரெடிமேட் மாஸ்க் செட் போதும். தொடர்ந்து மாடல் செய்பவர், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கோட் எழுத்துகள் (விமானத்தை அடையாளம் காட்ட உடலில் எழுதுபவை) தேவைப்படுகின்றன என்றால் மெஷின் நல்ல முதலீடுதான். எந்த வழியாக இருந்தாலும், பணத்தை எடுக்கும் முன் ஸ்டீல் ஸ்கேலையும் கால்குலேட்டரையும் எடுங்கள். மெஷின் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் நீங்கள் கொடுக்கும் அளவைத்தான் வெட்டும். அளவு தப்பென்றால் தப்பையே துல்லியமாக வெட்டித் தரும்.

உங்கள் ஸ்பிட்ஃபயரையே எடுத்துக்கொள்வோம். 1942-ன் நடுவிலிருந்து உடலின் பக்கவாட்டில் வந்தது பிரிட்டிஷ் விமானப் படையின் வட்டச் சின்னத்தில் சி1 என்ற வகை. நிஜ விமானத்தில் வெளி மஞ்சளின் விட்டம் 36 அங்குலம். உள்ளே நீலம் 32, வெள்ளை 16, நடுச் சிவப்பு 12. அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கி 48-ஆல் வகுத்தால் மாடலின் அளவு மில்லிமீட்டரில் கிடைக்கும்: 19.05, 16.93, 8.47, 6.35. மஞ்சள் வளையத்தின் அகலமும் வெள்ளை வளையத்தின் அகலமும் வெறும் 1.06 மி.மீ. 1/72 ஸ்கேலில் அது 0.7 மி.மீ. ஆகிவிடும். கையால் வெட்டி ஏன் சரியாக வரவில்லை என்பது இப்போது புரிந்திருக்கும். கடையில் கிடைக்கும் சாதாரண காம்பஸ் கட்டர்கள் பலவும் 10 மி.மீ. விட்டத்துக்குக் கீழே இறங்காது. வெளி வட்டத்தை அதில் வெட்டலாம், நடுச் சிவப்பை வெட்ட முடியாது. அதனால் காம்பஸ் கட்டர் வாங்கும்போது அதன் பெரிய அளவைப் பார்க்காதீர்கள், சின்ன அளவைக் கேளுங்கள்.

ரெடிமேட் செட் என்றால் எந்தக் காலத்து விமானத்துக்கு என்று பாருங்கள். 1942 நடுவிலிருந்து 1944 முடியும்வரை வழக்கம் இது: இறக்கையின் மேல்புறம் சிவப்பு-நீலம் மட்டுமே உள்ள பி வகை, அடிப்புறம் மஞ்சள் வளையம் இல்லாத சி வகை, உடலில் சி1. 1945 ஜனவரியில் ஐரோப்பாவில் இருந்த பிரிட்டனின் இரண்டாம் டாக்டிகல் விமானப் படை இறக்கையின் மேலேயும் சி1-க்கு மாறியது. செட்டில் பி வட்டம் இல்லையென்றால் 1943 விமானத்துக்கு அது உதவாது. 'ஸ்பிட்ஃபயருக்கு' என்று மட்டும் போட்டு விற்கிற செட்டை இதைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

மெஷின்தான் என்று முடிவு செய்தால் விலையைவிட சாஃப்ட்வேரைப் பற்றி அதிகம் விசாரியுங்கள். சில்ஹவுட் என்ற பிராண்டு மெஷின்களின் இலவச சாஃப்ட்வேர் டிஎக்ஸ்எஃப் என்ற வகை வரைபட ஃபைலைத் திறக்கும், எஸ்விஜி என்ற இன்னொரு வகையைத் திறக்கக் காசு கட்டிய பதிப்பு வேண்டும். இன்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் வரைந்து டிஎக்ஸ்எஃப்பாகச் சேமித்தால் அந்தச் செலவு மிச்சம். கிரிகட் என்ற இன்னொரு பிராண்டு மெஷினில் எஸ்விஜி ஏற்றலாம், ஆனால் கணக்கு தொடங்க வேண்டும். 2021 மார்ச்சில் அந்த நிறுவனம், சந்தா கட்டாதவர்கள் மாதத்துக்கு 20 ஃபைல்தான் ஏற்றலாம் என்று அறிவித்தது. வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்ததும் கைவிட்டது. காசு கொடுத்து வாங்கிய மெஷினின் விதிகளைக்கூட வாங்கிய பிறகு மாற்றப் பார்ப்பார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். இன்டர்நெட் இல்லாமல் வெட்டுமா என்று கேட்காமல் எந்த மெஷினையும் வாங்காதீர்கள். அகலமான மாடலும் தேவையில்லை. 8 அங்குல அகலம் வெட்டும் சின்ன மெஷினே நம் வேலைக்குத் தாராளம். மிச்சப் பணத்தில் பிளேடும், வெட்டும் தாளைப் பிடித்து வைக்கும் ஒட்டும் மேட்டும் கூடுதலாக வாங்கி வையுங்கள். முனை மழுங்கிய பிளேடு சின்ன வட்டத்தின் ஓரத்தைக் கிழித்துவிடும்.

ஒரு எல்லையும் உண்டு. பிரிட்டிஷ் சண்டை விமானத்தின் சீரியல் எண் 8 அங்குல உயரம், கோட்டின் தடிமன் 1 அங்குலம். 1/48-ல் அது அரை மில்லிமீட்டர்தான். அதற்கு டெக்கலே போடுங்கள். 24 அங்குல கோட் எழுத்து 12.7 மி.மீ. வரும், அதை மாஸ்க்கில் அழகாகச் செய்யலாம்.

கேள்வி: வினைல் (பிளாஸ்டிக் ஃபிலிம்) மாஸ்க், கபுகி பேப்பர் மாஸ்க் இரண்டும் விற்கிறார்கள். எது நல்லது?

பதில்: சமமான பரப்பில் பெரிய வட்டம், எழுத்து என்றால் வினைல். ஓரம் கத்தி போல விழும். ஒராமாஸ்க் மாதிரி ஸ்டென்சிலுக்கென்றே செய்த ஃபிலிமைக் கேளுங்கள். அலங்காரத்துக்கு நிரந்தரமாக ஒட்டுகிற ஸ்டிக்கர் வினைல் வேண்டாம், அதன் பசை பெயின்ட்டையும் சேர்த்து உரித்துவிடும். வளைவான இடத்தில் வினைலை இழுத்து ஒட்டினால் கொஞ்ச நேரத்தில் ஓரம் எழும்பப் பார்க்கும். அங்கே டாமியா மாஸ்கிங் டேப் வகையைச் சேர்ந்த கபுகி பேப்பர் மெல்லியது, படிந்து உட்காரும்.

எதுவானாலும் ஒட்டியதும் நேராகக் கலரை அடிக்காதீர்கள். கீழே இருக்கிற அதே நிறத்தையோ நிறமில்லாத கிளியர் கோட்டையோ முதலில் லேசாகத் தூவினால் ஓரத்தில் உள்ள இடுக்கு அடைபட்டுவிடும். அப்புறம் குறைந்த அழுத்தத்தில் மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். சி1 வட்டத்துக்கு நான் சொல்லும் வரிசை (அங்குலம் எல்லாம் நிஜ விமானத்தின் அளவு): வெளிச் சட்டத்தை ஒட்டி முழுவதும் வெள்ளை. நடுவில் 16 அங்குல வட்டை ஒட்டி மஞ்சள். மஞ்சள் வளையத்தை மூடி நீலம். பிறகு நடு வட்டை எடுத்துவிட்டு, 12 அங்குலத் துளை உள்ள தட்டை வைத்துச் சிவப்பு. அந்தத் தட்டின் வெளி விளிம்பு 36 அங்குல அளவில் இருந்தால் சட்டத்துக்குள் தானாகவே நடுவில் உட்காரும். அதனால் செட் வாங்கும்போது உள் வட்டுகளும் வளையங்களும் சேர்த்துத் தருகிறார்களா என்று கேளுங்கள். சட்டத்தை மட்டும் தருபவர்களும் உண்டு.

கேள்வி: 1944 பி-51 மஸ்டாங்குக்கு அமெரிக்க நட்சத்திர மாஸ்க் வரவழைத்தேன். பக்கப் பட்டைகள் குட்டையாகத் தெரிகின்றன. 'வெட்டிய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்' என்கிறார் விற்றவர். என்ன செய்வது?

பதில்: முதலில் அளந்து பாருங்கள். விதிப்படி, இருபுறமும் உள்ள வெள்ளைப் பட்டை ஒவ்வொன்றின் நீளமும் நட்சத்திரம் உள்ள நீல வட்டத்தின் ஆரத்துக்குச் சமம், அகலம் ஆரத்தில் பாதி, சுற்றி ஓடும் நீல விளிம்பு ஆரத்தில் எட்டில் ஒரு பங்கு. அதாவது விளிம்பை விட்டுவிட்டால், பட்டையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வட்டத்தின் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும். பட்டைகள் வந்தது 1943 ஜூன் கடைசியில், அப்போது விளிம்பு சிவப்பு. ஆகஸ்டில் அதை நீலமாக்க உத்தரவானது. பட்டையின் நடுவில் சிவப்புக் கோட்டுக்கும் மாஸ்க் வந்திருந்தால் அது 1947 ஜனவரிக்குப் பிந்தைய சின்னம், உங்கள் விமானத்துக்கு ஆகாது.

அளவு பொருந்தவில்லையென்றால் ஒரு துண்டைக்கூட உரிக்காதீர்கள். ஸ்டீல் ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். விற்பனைப் பக்கத்தில் ஸ்கேல், விமானம், காலம் பற்றி என்ன எழுதியிருந்தார்களோ அதையும் படமாகச் சேமியுங்கள். இரண்டையும் அனுப்பி, சொன்னது ஒன்று வந்தது ஒன்று என்று எழுத்தில் கேளுங்கள். நீங்கள் கொடுத்த ஃபைலை அப்படியே வெட்டித் தந்திருந்தால் அவர் சொல்வது நியாயம். அவரே வடிவமைத்து விற்ற செட் என்றால் 'வெட்டியாச்சு' என்பது பதிலே இல்லை. அவர் அசையாவிட்டால் வாங்கிய தளத்திலும், கார்டில் கட்டியிருந்தால் வங்கியிலும் புகார் கொடுங்கள். இரண்டுக்கும் கெடு உண்டு, தள்ளிப் போடாதீர்கள்.

கேள்வி: 1944 நார்மண்டி படையெடுப்பின்போது நேச நாட்டு விமானங்களில் பூசிய கறுப்பு-வெள்ளைக் கோடுகளுக்குத் தனி மாஸ்க் செட் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். நேர்க்கோட்டுக்கு டேப்பும் ஸ்டீல் ஸ்கேலும் போதும். ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஒவ்வொரு கோடும் 18 அங்குலம், 1/48-ல் 9.5 மி.மீ. அதற்காக 10 மி.மீ. டேப்பை அப்படியே ஒட்டாதீர்கள். வெள்ளை, கறுப்பு மாறி மாறி வரும் ஐந்து கோடும் சேர்ந்து 47.6 மி.மீ. இருக்க வேண்டியது 50 ஆகிவிடும், ஸ்பிட்ஃபயரின் மெலிந்த பின்னுடலில் அது நன்றாகவே தெரியும். 18 மி.மீ. டேப்பைக் கண்ணாடியில் ஒட்டி 9.5-க்கு வெட்டுங்கள். முழுவதும் வெள்ளை அடித்து, வெள்ளைக் கோடுகளை மூடிவிட்டுக் கறுப்பு அடியுங்கள். 1944 ஜூன் முதல் வாரத்தில் பல விமானங்களுக்கு இந்தக் கோடுகளைத் தூரிகையால் அவசர அவசரமாகத்தான் பூசினார்கள். நீங்கள் செய்யும் விமானத்தின் புகைப்படத்தில் ஓரம் கோணலாக இருந்தால், டேப் இல்லாமல் தூரிகையாலேயே பூசலாம்.